ஆறாவது ரிசீவரின் வேலை

ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு பழைய நோட்டில் 53 பெயர்களை எழுதிப் பார்ப்பது என் வழக்கம். கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் செப்டம்பர் மாதம் யார் யார் மிஞ்சுவார்கள் என்ற கணக்கு அது. குவார்ட்டர்பேக் பகுதியை எழுத அரை நிமிடம் போதும். உதைப்பவர்கள் பகுதிக்கு அதுவும் வேண்டாம். ரிசீவர் பகுதிக்கு வந்தால் பென்சில் நின்றுவிடும். முதல் நான்கு பெயர்கள் தாமாகவே வந்து விழும். ஐந்தாவதையும் ஆறாவதையும் அழித்து எழுதி, அழித்து எழுதி, அந்த இடத்தில் தாளே தேய்ந்துவிட்டது.

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவருக்குப் பெயர் ரிசீவர். என் கட்சி என்னவென்றால், ஆறாவது ரிசீவருக்கு அந்தப் பெயரே பொருந்தாது. அவரை அணியில் வைத்துக்கொள்ளும் காரணங்களில் பந்து பிடிப்பது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வரும். இது எனக்குப் புரியப் பல கோடைகள் ஆயின. அதைச் சொல்வதற்கு 2025ஆம் ஆண்டின் கோடையைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அந்த ஆண்டு ஏப்ரல் 24 இரவு, கிரீன் பே நகரத்திலேயே டிராஃப்ட் நடந்தது; கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி அது. பேக்கர்ஸ் அணியின் முறை 23ஆவதாக வந்தது. ஓய்வுபெறவிருந்த அணி நிர்வாகத் தலைவர் மார்க் மர்ஃபி மேடையேறி, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மேத்யூ கோல்டன் பெயரைப் படித்தார். ஊரே கத்தியது. கத்தாமல் என்ன செய்யும்? முதல் சுற்றில் இந்த அணி ஒரு ரிசீவரை எடுத்தது 2002இல் ஜேவன் வாக்கருக்குப் பிறகு அன்றுதான். குவார்ட்டர்பேக் ஆரன் ரோட்ஜர்ஸின் காலம் முழுவதும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கோரிக்கை, அவர் போன பிறகு நிறைவேறியது. மறுநாள் மூன்றாம் சுற்றில், டிசியு பல்கலைக்கழகத்தின் சவியன் வில்லியம்ஸ் என்ற இன்னொரு ரிசீவரையும் எடுத்தார்கள்.

கொண்டாட்டம் அடங்கியதும் எண்ணிப் பார்த்தால் வயிற்றைக் கலக்கியது. ஏற்கெனவே ஜேடன் ரீட், ரோமியோ டௌப்ஸ், கிறிஸ்டியன் வாட்சன், டொன்டேவியன் விக்ஸ், போ மெல்டன், மலிக் ஹீத் என்று ஆறு பேர் இருந்தார்கள். 2024 சீசன் முழுவதும் அணியில் இருந்தவர்கள் இவர்கள்தான். மார்ச் மாதம் மெக்கோல் ஹார்ட்மனையும் ஒப்பந்தம் செய்திருந்தார்கள்; கான்சஸ் சிட்டி அணிக்காக 2024 பிப்ரவரியில் சாம்பியன் பட்டத்துக்கான சூப்பர் பௌல் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைப் பிடித்து வெற்றி டச்டவுனை எடுத்தவர். இப்போது கோல்டன், வில்லியம்ஸ். டிராஃப்டில் எடுபடாமல் முயன்று பார்க்க வந்த இளைஞர்களைச் சேர்க்காமலே ஒன்பது பேர் ஆகிவிட்டது.

இடமோ ஆறு. கோடை முழுவதும் ஓர் அணி 90 பேரை வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் கடைசியில் ஒரே நாளில் அது 53 ஆக வேண்டும். முன்பெல்லாம் படிப்படியாகக் குறைப்பார்கள். 2023 முதல் ஒரே வெட்டு. 53இல் உதைப்பவர்களுக்கு மூன்று போக, தாக்கும் பக்கத்துக்கும் தடுக்கும் பக்கத்துக்கும் தலா 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். தாக்கும் பக்கத்தின் 25இல் குவார்ட்டர்பேக் இருவர், ரன்னிங் பேக் மூவர் நால்வர், டைட் எண்ட் மூவர் நால்வர், லைன்மேன்கள் ஒன்பது பத்துப் பேர். மிச்சம் ஆறு. ஏழு ரிசீவர் வைப்பதும் உண்டுதான். ஆனால் அந்த ஏழாவது ஆளுக்கான இடத்தை வேறு யாரிடமிருந்தோதான் பிடுங்க வேண்டும். பெரும்பாலும் ஓர் இளம் லைன்மேன் தலையில் விடியும். அதோடு, 53 பேரும் ஆட்ட நாளில் களம் இறங்குவதில்லை. 48 பேர்தான் சீருடை அணியலாம். ஆறாவது ரிசீவர் அந்த 48இல் இருக்க வேண்டுமானால், பயிற்சியாளரிடம் காட்ட அவரிடம் வேறு ஏதாவது ஒரு வேலை இருக்க வேண்டும்.

ரசிகர்களுக்கு இந்த இடத்தில்தான் சறுக்குகிறது. கோடையில் நாங்கள் பார்ப்பது பந்து பிடிப்பதை மட்டும். பயிற்சி முகாமில் ஒருவர் ஒற்றைக் கையால் பந்தைப் பறித்தால் அந்தக் காணொளி சாயங்காலத்துக்குள் ஆயிரம் பேரிடம் போய்விடுகிறது. அதே பயிற்சியில் இன்னொருவர் பண்ட்டுக்கு, அதாவது பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுத்துத் தொலைவுக்கு உதைக்கும் உதைக்குப் பின்னால் நாற்பது யார்டு ஓடி, தன்னைத் தடுக்க வந்த இருவரைத் தாண்டி, பந்தைத் திருப்ப வந்தவர் காலடியில் போய் நிற்பதை யாரும் படம் பிடிப்பதில்லை.

ஜெஃப் ஜேனிஸை நினைக்காமல் இதை எழுத முடியாது. சாகினா வேலி ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து 2014இல் ஏழாம் சுற்றில் வந்தவர். உயரம், வேகம், கட்டான உடல். சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் எதிரணியின் மூன்றாம் வரிசைக் காவலர்களைத் தாண்டி அவர் ஓடியபோது, அணியின் நட்சத்திர ரிசீவர் ஜோர்டி நெல்சனைப் போல அடுத்தவர் வந்துவிட்டார் என்று முடிவு கட்டியவர்களில் நானும் ஒருவன். 2015இல் நெல்சன் முழங்கால் தசைநார் கிழிந்து ஆண்டு முழுவதும் ஆடவில்லை. ஜேனிஸுக்குக் கதவு திறந்தது என்றோம். அந்த சீசனில் அவர் பிடித்த பந்துகள் மொத்தம் இரண்டு. பயிற்சியாளர்களுக்குக் கண் இல்லையா என்று கொதித்தோம்.

பிறகு 2016 ஜனவரி 16. அரிசோனாவில் பிளேஆஃப் ஆட்டம். ரிசீவர்களில் டவான்டே ஆடம்ஸ் காயத்தால் ஆடவில்லை. ராண்டல் காப் முதல் பாதியிலேயே அடிபட்டு வெளியேறினார். வேறு வழியில்லாமல் ஜேனிஸ். கடைசி நிமிடத்தில், சொந்த எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில், நான்காவது முயற்சியில் இருபது யார்டு தேவை என்ற நிலையில் ரோட்ஜர்ஸ் எறிந்த பந்தை அறுபது யார்டுக்கு எடுத்தார். ஆட்டத்தின் கடைசி எறிவில், 41 யார்டு தொலைவில், இரண்டு காவலர்களுக்கு நடுவே எகிறி டச்டவுன் பிடித்தார். ஒரே இரவில் ஏழு பந்து, 145 யார்டு, இரண்டு டச்டவுன். கூடுதல் நேரத்தில் பேக்கர்ஸ் தோற்றது வேறு கதை. பார்த்தீர்களா, நாங்கள் சொன்னோமே என்று தெருவுக்குத் தெரு கேட்டிருப்போம்.

அடுத்த சீசனில் நெல்சன் திரும்பினார். ஜேனிஸ் பிடித்தவை 11. கிரீன் பேயில் நான்கு சீசன் இருந்தும், வழக்கமான சீசன் ஆட்டங்களில் அவர் பிடித்த பந்துகள் இருபதைத் தொடவில்லை. ஓடவேண்டிய பாதைகளை நுணுக்கமாக ஓடத் தெரியவில்லை என்பது அவர்மீது இருந்த குறை. குவார்ட்டர்பேக் ஓர் இடத்தை நினைத்து எறியும்போது ரிசீவர் அரை யார்டு தள்ளி நின்றால் பந்து எதிரணி கைக்குப் போய்விடும். உயிர் போகும் கடைசி எறிவில் மட்டும் அந்த நுணுக்கம் தேவையில்லை. ஓடு, எகிறு, பிடி. அது ஜேனிஸுக்கு வந்தது.

ஆனால் நான் அப்போது கேட்காத கேள்வி ஒன்று உண்டு. பாதை ஓடத் தெரியாதவரை ஏன் நான்கு சீசன் வைத்திருந்தார்கள்? பதில் எளிது. அவர் நல்ல கன்னர். பண்ட் உதைக்கும்போது வரிசையின் இரு ஓரங்களிலும் நின்று, உதைத்த கணமே முதல் ஆளாகப் பாய்ந்து ஓடி, பந்தைத் திருப்புபவரை மடக்குபவருக்கு அந்தப் பெயர். ஜேனிஸ் அந்த வேலைக்குத்தான் சம்பளம் வாங்கினார். இரண்டு அதிசயப் பந்துகள் இலவச இணைப்பு.

இதன் உச்சம் நியூ இங்கிலாந்து அணியின் மேத்யூ ஸ்லேட்டர். 2008இல் ஐந்தாம் சுற்றில் வந்து, 16 சீசன் ஆடி, ஆண்டின் சிறந்த வீரர்களுக்கான புரோ பௌலுக்குப் பத்து முறை தேர்வாகி, மூன்று சூப்பர் பௌல் மோதிரங்களோடு ஓய்வுபெற்றார். ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே ரிசீவர் என்றே போட்டிருந்தார்கள். வாழ்நாளில் அவர் பிடித்த பந்து ஒன்று. 2011இல், 46 யார்டு. அவ்வளவுதான்.

கிரீன் பேயின் 2025 கோடைக்கு வருவோம். உதை ஆட்டம் அங்கே ஏற்கெனவே ரணமாக இருந்தது. அந்த ஜனவரியில் பிலடெல்பியாவில் நடந்த பிளேஆஃப் ஆட்டத்தின் முதல் உதையையே கீஷான் நிக்சன் தவறவிட்டு, பந்து எதிரணியிடம் போய், அடுத்த சில நிமிடங்களில் டச்டவுன் விழுந்தது. 22க்கு 10 என்று தோற்றார்கள். நிக்சன் கார்னர்பேக்காக எதிரணி ரிசீவர்களைக் காக்கும் வேலையில் மட்டும் கவனம் செலுத்த விரும்புவதாகவும், உதையைத் திருப்பும் வேலை போதும் என்றும் சொல்லிவிட்டார். உதை திருப்பும் இடம் காலி. அதே சமயத்தில் லீக்கின் விதியும் மாறிக்கொண்டிருந்தது. 2024இல், ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்ஆஃபின் முறையையே மாற்றியமைத்தார்கள். 2025இல், உதை நேராக எதிரணியின் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் போய் யாரும் திருப்பாமல் விட்டால் எதிரணிக்கு 35 யார்டுக் கோட்டில் பந்து என்று தண்டனையைக் கூட்டினார்கள். பல ஆண்டுகளாகச் சடங்கு போலாகிவிட்ட கிக்ஆஃப் மறுபடியும் உயிர் பெற்றது. திருப்பி ஓடத் தெரிந்தவர்களுக்கு விலை ஏறியது.

ஹார்ட்மன் வந்தது இதற்காகத்தான். ரிசீவராக அவருக்கு அங்கே இடமில்லை என்பது முதல் நாளே தெரியும். உதைகளைத் திருப்பினால் இருக்கலாம், இல்லையென்றால் இல்லை. ஆகஸ்ட் 9இல் ஜெட்ஸ் அணியுடன் நடந்த முதல் முன்சீசன் ஆட்டத்தில் ஒரு பண்ட்டைக் கைநழுவ விட்டார். மூன்று மோதிரம் வைத்திருப்பவருக்கு ஒரே ஒரு பரீட்சை, அதில் அந்த ஒரு கேள்விக்கே விடை தப்பு. என் நோட்டில் அன்றிரவே அவர் பெயரை அழித்தேன். கடைசியில் அணியும் அழித்தது. கொஞ்சம் கொடுமைதான், ஆனால் ஓரத்தில் நிற்பவர்களுக்கு ஓர் ஆட்டம்தான் கிடைக்கும்.

தடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலைமைப் பயிற்சியாளர் மாட் லாஃப்ளோரின் ஓட்ட முறையில் பந்து ஓரமாகப் போகும். அங்கே ரிசீவர் தடுத்தால்தான் ஓட்டம் நாலு யார்டிலிருந்து பதினாலு யார்டாகும். ஆலன் லசார்ட் 2018 டிசம்பரில் ஜாக்சன்வில் அணியின் பயிற்சி அணியிலிருந்து (53இல் சேராமல் பயிற்சிக்கு மட்டும் வைத்திருப்பவர்கள்) வந்து கிரீன் பேயில் காலூன்றியது பாதி இந்த முரட்டு வேலையால்தான். அவர் போன பிறகு அந்த வகையில் எனக்குக் கண்ணில் பட்டவர் ஹீத். 2023இல் டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காதவர். பந்து தன் பக்கம் வராத ஆட்டத்திலும் யாரையாவது தள்ளிக்கொண்டே இருப்பார். இப்படிப்பட்டவர்களுக்குப் புள்ளிவிவரப் பக்கத்தில் ஒரு எண்ணும் சேராது.

அடுத்து, ரசிகர் எப்போதும் மறந்துவிடும் விஷயம். யாரை வைத்துக்கொள்ளப் பிடிக்கிறது என்பதோடு, யாரை விட்டால் திரும்பக் கிடைக்காது என்பதையும் அணி பார்க்கிறது. நான்கு சீசன் முடிக்காத வீரரை விட்டால் அவர் நேராக வீட்டுக்குப் போவதில்லை. வேவர் பட்டியலில் ஒரு நாள் கிடப்பார். முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் உரிமை. வேண்டும் என்றால் அப்படியே கூட்டிக்கொண்டு போகலாம். யாரும் கேட்காவிட்டால்தான் பழைய அணி அவரை 16 பேர் கொண்ட பயிற்சி அணியில் சேர்க்க முடியும். 2024இல் கிரான்ட் டுபோஸை அப்படிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று பேக்கர்ஸ் நினைத்திருக்க வேண்டும். மயாமி தட்டிக்கொண்டு போனது. வீரருக்கும் இதில் வித்தியாசம் சிறிதல்ல. 2025இல் புதுமுக வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 8,40,000 டாலர். பயிற்சி அணியில் இளையவர்களுக்கு வாரம் 13,000 டாலர். பதினெட்டு வாரத்தால் வகுத்துப் பார்த்தால் மூன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இந்த வேவர் பயம்தான் டிராஃப்ட் எண்ணுக்கு இவ்வளவு பாதுகாப்பு தருகிறது. மூன்றாம் சுற்றில் எடுத்த வில்லியம்ஸ் கோடை முழுவதும் தடுமாறியிருந்தாலும் அவரை வெட்டியிருக்க மாட்டார்கள். விட்டால் மாலைக்குள் யாராவது எடுத்துவிடுவார்கள், எடுத்த மேலாளருக்கு முகத்தில் கரி. அநியாயம் என்று சொல்லலாம். எனக்கும் அப்படித் தோன்றுகிறது, குறிப்பாக டிராஃப்டில் எடுபடாத ஒரு பையன் அவரைவிட நன்றாக ஆடும் ஆண்டுகளில். ஆனால் பொது மேலாளர் பிரையன் குட்டகன்ஸ்டின் நாற்காலியிலிருந்து பார்த்தால் இன்னொரு கணக்கு தெரியும். டௌப்ஸ், வாட்சன் இருவரும் 2022இல் வந்தவர்கள். நான்காண்டு ஒப்பந்தம் 2025 சீசனோடு முடிகிறது. ரீடும் விக்ஸும் அதற்கு அடுத்த ஆண்டு. ஏப்ரலில் இருவரை எடுத்தபோது அவர் 2025ஐ மட்டும் பார்த்திருக்க மாட்டார். ஆகஸ்ட் மாதத்து ஆறு பேர் பட்டியலில் அடுத்த ஆண்டின் சம்பளப் பட்டியலும் ஒளிந்திருக்கிறது. வாட்சன் விஷயத்தில் அது செப்டம்பரிலேயே வெளிவந்தது: ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டினார்கள்.

வாட்சன் அப்போது நடந்து பழகிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஜனவரி 5இல், சிகாகோவுடன் நடந்த கடைசி ஆட்டத்தில், யாரும் தொடாமலே அவர் முழங்கால் தசைநார் கிழிந்தது. உடல் தேறாதவர் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. அதில் வைத்தால் குறைந்தது முதல் நான்கு ஆட்டங்கள் ஆட முடியாது. ஆனால் 53இல் ஒரு இடத்தையும் அவர் பிடிக்க மாட்டார். ஒருவரின் கிழிந்த தசைநார் இன்னொருவருக்குச் சோறு போடும் விளையாட்டு இது. ஹீத் பிழைத்ததற்கு அவருடைய தடுப்பு எவ்வளவு காரணமோ, வாட்சனின் முழங்காலும் அவ்வளவு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி, அந்தக் கோடையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள். போ மெல்டன். 2022இல் சியாட்டில் ஏழாம் சுற்றில் எடுத்துக் கைவிட்டது; அந்த டிசம்பரில் அவர்களின் பயிற்சி அணியிலிருந்து கிரீன் பே கூட்டிவந்தது. 2023 சீசனையும் பயிற்சி அணியில்தான் தொடங்கினார். ஆண்டின் கடைசி நாளில், மின்னசோட்டாவில், ஆறு பந்து பிடித்து 105 யார்டு எடுத்தார். அந்த சீசனில் ஒரே ஆட்டத்தில் நூறு யார்டு தாண்டிய முதல் பேக்கர்ஸ் ரிசீவர் அவர். அப்படி ஒரு நாளுக்குப் பிறகும் அவர் நிலை மாறவில்லை; ஐந்தாவதா ஆறாவதா என்ற வரிசையில்தான் நின்றார். 2025 வசந்த காலப் பயிற்சிகளில் அவரிடம் ஒரு யோசனை சொன்னார்கள்: கார்னர்பேக் ஆடிப் பாரேன்.

முதலில் நான் சிரித்தேன். வாழ்நாள் முழுவதும் பந்தைப் பிடிக்க ஓடியவரைத் திருப்பி நிற்கவைத்து, பின்னோக்கி ஓடிக் காவல் செய்யச் சொல்கிறார்கள். அவர் தம்பி மேக்ஸ் மெல்டன் அரிசோனா அணியில் கார்னர்பேக் என்பதால் குடும்பத்துக்கு அந்தத் தொழில் புதிதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். யோசித்துப் பார்த்தால் கெட்டிக்கார யோசனை. வேகம், பக்கவாட்டில் திரும்பும் லாகவம், கன்னராக ஓடிய பழக்கம் எல்லாம் இருக்கின்றன. ஒரே ஆள் இரண்டு பகுதியில் எண்ணப்படுவார். என் நோட்டில் ரிசீவர் பகுதியில் அழித்த பெயரைக் கார்னர்பேக் பகுதியில் எழுதிக்கொள்ளலாம். முகாம் நாட்களில் வீரர்கள் சின்னப் பிள்ளைகளின் சைக்கிளை வாங்கி ஓட்டிக்கொண்டு லாம்போ மைதானத்திலிருந்து பயிற்சித் திடலுக்குப் போவது கிரீன் பேயின் பழைய வழக்கம். மெல்டன் அந்த ஜூலையில் எந்தக் கூட்டத்துக்கு எந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டு சைக்கிள் மிதித்தாரோ.

ஆகஸ்ட் 26இல் பட்டியல் வந்தது. ரீட், டௌப்ஸ், கோல்டன், விக்ஸ், வில்லியம்ஸ், ஹீத். கூடவே இரண்டு பகுதிகளிலும் கால் வைத்த மெல்டன். வாட்சன் உடல் தேறாதவர் பட்டியலில். ஹார்ட்மன் வெளியே. பழைய நாட்களில் வெட்டு நாளன்று ஒருவர் அறைக்கதவைத் தட்டி, ஆட்டக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு பயிற்சியாளரைப் போய்ப் பார் என்பார். இப்போது அந்தக் குறிப்பேடு இருப்பது கையடக்கக் கணினியில். கதவைத் தட்டுவது மட்டும் மாறவில்லை.

பதினாறு நாள் கழித்து, செப்டம்பர் 11 வியாழக்கிழமை, வாஷிங்டனுடன் ஆட்டம். ரீட் ஒரு டச்டவுனைப் பாய்ந்து பிடித்துத் தோள்பட்டை அடிபட விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. சக வீரர் செய்த தவறுக்காகக் கொடி விழுந்து, அந்த டச்டவுனும் செல்லாமல் போனது. கோடை முழுவதும் இத்தனை பேர் எதற்கு என்று கேட்டவர்கள் மறுநாள் காலை, ஆள் போதுமா என்று கேட்டோம். வாட்சன் அக்டோபர் 26இல்தான் திரும்பினார். இடைப்பட்ட வாரங்களில் ஆறாவது ஆள் ஐந்தாவது ஆளானார். அவரை எதற்காக வைத்தார்களோ அந்த வேலையும் செய்து, பெயருக்கேற்ற வேலையும் செய்ய வேண்டியிருந்தது.

டிசம்பர் 7இல் சிகாகோ லாம்போவுக்கு வந்தது. பிரிவின் முதல் இடத்துக்கான ஆட்டம். குவார்ட்டர்பேக் ஜோர்டன் லவ் நீளமாக ஒரு பந்து எறிந்தார். 45 யார்டு, டச்டவுன். 28க்கு 21 என்று பேக்கர்ஸ் வென்ற அந்த ஆட்டத்தில் அதைப் பிடித்தவர் போ மெல்டன். நான் எழுந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவர் பெயர் இன்னும் கார்னர்பேக் பகுதியில்தான் இருந்தது.